அழிப்பதெல்லாம் தெளிவல்ல

புள்ளிவிவரங்களைப் படமாகக் காட்டக் கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளே ஒரு வித்தை காட்டுவார்கள். திரையில் ஒரு பார் சார்ட் இருக்கும். பயிற்றுநர் அதன் பின்னணி நிறத்தை எடுப்பார். சுற்றியிருக்கும் சட்டம் போகும், நிழல் போகும், கட்டக்கோடுகள் போகும், அச்சுக்கோடு போகும், அச்சில் இருந்த எண்களும் போகும். கடைசியில் வெள்ளைத் திரையில் நாலைந்து சாம்பல் பட்டைகளும் ஒரு சிவப்புப் பட்டையும் மிஞ்சும். வகுப்பே தலையாட்டும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு தெளிவு என்று பாடம் முடியும்.

செய்தித்தாளின் வடிவமைப்புப் பிரிவு, ஐ.டி. நிறுவனத்தின் மீட்டிங் அறை, அரசுத் துறையின் டாஷ்போர்டு என்று எங்கு பார்த்தாலும் இன்று இந்தப் பாடம்தான் சட்டம். மறுத்துப் பேசுகிறவருக்கு ரசனை இல்லை என்று பெயர். அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை. சார்ட்டில் எது தேவை, எது தேவையில்லை என்பதை மையின் அளவை வைத்து முடிவுசெய்யும் இந்தக் கொள்கை தவறானது. விஷயம் ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சார்ட்டை அழகாக்கித் தருகிறது. தெரியாமல் பார்க்க வந்தவரை நட்டாற்றில் விடுகிறது.

முதலில், ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடலாம். 3டி பை சார்ட் ஒரு மோசடி. சாய்த்து வைத்த வட்டத்தில் முன்பக்கத் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் அளவுகளை நம் கண் சரியாக ஒப்பிடும். கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறும் என்று வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். பட்டைக்கு நிழல், பின்னணியில் மங்கலாக ஒரு புகைப்படம், காரணமே இல்லாமல் ஏழு நிறம் இவற்றுக்காக யாரும் வாதாட வேண்டியதில்லை. சண்டை இவற்றைப் பற்றியதல்ல. கல் பொறுக்குகிறேன் என்று உட்கார்ந்தவர் கல் தீர்ந்த பிறகும் கையை எடுக்காமல் அரிசியையே பொறுக்கி எறிகிறாரே, அதைப் பற்றியது.

கொள்கையின் மூலவர் எட்வர்ட் டஃப்டி. அமெரிக்கப் புள்ளியியலாளர். 1983இல் சொந்தமாகப் பதிப்பித்த நூலில் அவர் ஒரு விகிதத்தை முன்வைத்தார். படத்தில் செலவான மொத்த மையில் தரவைக் காட்டும் மை எவ்வளவு? அந்தப் பங்கு ஒன்றை நெருங்க நெருங்கப் படம் சிறக்கும். தரவைச் சொல்லாத மையை அழி; ஒரே தரவை இரண்டு முறை சொல்லும் மையையும் அழி. அலங்காரக் குப்பைக்கு அவர் வைத்த பெயர் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் கிராஃப் என்ற பெயரில் நடந்த கூத்துகளைப் பார்த்தால் அவருடைய கோபம் நியாயமானதுதான்.

நியாயமான அளவுக்குத்தான் அழிக்க வேண்டும் என்று டஃப்டியே ஒரு கடிவாளம் போட்டிருக்கிறாரே என்று அவருடைய அன்பர்கள் எடுத்துக்காட்டுவார்கள். போட்டிருக்கிறார், உண்மை. ஆனால் நியாயமான அளவு எது என்பதற்கு அவரிடம் அளவுகோல் இல்லை; மைக்கு இருக்கிறது. வகுப்பறைக்குப் போகும்போது அளக்க முடிந்ததுதான் விதியாகும். அளக்க முடியாத கடிவாளம் அடிக்குறிப்பிலேயே தங்கிவிடும். அதுதான் நடந்தது.

அவர் கைப்பட அழித்துக் காட்டிய ஒன்று என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஜான் டியூக்கி உருவாக்கிய பெட்டிப் படம் கல்லூரியில் புள்ளியியல் படித்த எல்லாருக்கும் தெரியும்: நடுவே ஒரு பெட்டி, இருபுறமும் நீளும் கோடுகள். டஃப்டி பெட்டியை எடுத்துவிட்டு, நடுவில் இடைவெளி விட்ட மெல்லிய கோடாக அதைச் சுருக்கினார். மை மிச்சம். 1991இல் வில்லியம் ஸ்டாக், ஜான் பெரன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு வகைப் படங்களையும் ஆட்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பெட்டி இருந்த படத்தைத்தான் அவர்கள் கூடுதல் துல்லியமாகப் படித்தார்கள். மை குறைந்தது, தெளிவும் சேர்ந்து குறைந்தது.

தரவு இல்லாத மை செய்யும் வேலை

ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு எடுத்த ஈ.சி.ஜி. தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதயம் எழுதியது ஒரு மெல்லிய கருப்புக் கோடு மட்டும். மீதித் தாள் முழுக்க இளஞ்சிவப்புக் கட்டங்கள். டஃப்டியின் கணக்குப்படி இதைவிட மோசமான கிராஃப் இருக்க முடியாது. தாளில் உள்ள மையில் பெரும்பங்கு தரவே அல்ல.

ஆனால் அந்தக் கட்டங்களை அழித்தால் ஈ.சி.ஜி. வெறும் கிறுக்கல். வழக்கமான வேகத்தில் ஒரு சிறு கட்டத்தின் அகலம் 0.04 விநாடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. செங்குத்தாக ஒரு சிறு கட்டம் 0.1 மில்லிவோல்ட். மாரடைப்பைக் காட்டும் எஸ்டி பகுதி உயர்ந்திருக்கிறதா என்பதைப் பெரும்பாலான லீடுகளில் ஒரு மில்லிமீட்டர் உயர்வை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். ஒரே ஒரு சிறு கட்டம். அவசரமாக ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து போடுவதா, ஆஞ்சியோவுக்கு அனுப்புவதா, வேறு காரணம் தேடுவதா என்கிற யோசனை அந்தக் கட்டத்திலிருந்து தொடங்குகிறது.

தாளின் ஓரத்தில் கதவு நிலை மாதிரி ஒரு செவ்வகக் குறியும் இருக்கும். இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மில்லிவோல்ட்டுக்கு இந்த மெஷின் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரைகிறது என்று அது சொல்கிறது. வழக்கமாகப் பத்து. யாரோ அதை ஐந்துக்கு மாற்றி வைத்திருந்தால் எல்லா அலைகளும் பாதி உயரத்துக்குக் குறுகிவிடும். அந்தக் குறியைப் பார்க்காதவர் இதயம் பலவீனமாகத் துடிக்கிறது என்று நினைத்துக்கொள்வார். டிசைனரிடம் இந்தத் தாளைக் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னால் முதலில் தூக்குவது இந்தக் குறியைத்தான்.

ஈ.சி.ஜி. டாக்டர்கள் படிப்பது, நிபுணர் சமாசாரத்தைப் பொதுமக்கள் பார்க்கும் படத்தோடு ஒப்பிடக்கூடாது என்று ஒரு பதில் வரும். சரி, அங்கன்வாடிக்குப் போகலாம். டேவிட் மார்லி என்ற குழந்தை மருத்துவர் நைஜீரியாவில் வேலை பார்த்தபோது, குழந்தையின் எடையை மாதா மாதம் தாயே பார்த்துப் புரிந்துகொள்ள ஓர் அட்டையை உருவாக்கினார். அந்தச் சிந்தனையின் வழியில் வந்ததுதான் இன்று நம் அங்கன்வாடிகளில் இருக்கும் வளர்ச்சி அட்டை. கீழே மாதக் கணக்கில் வயது, பக்கவாட்டில் கிலோ. குறுக்கே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று வளைந்து ஏறும் பட்டைகள். பணியாளர் மாதம் ஒரு புள்ளி வைப்பார். ஒரு வருஷம் ஆனாலும் குழந்தையின் தரவு பன்னிரண்டு புள்ளிதான். மற்றதெல்லாம் முன்கூட்டியே அச்சிட்ட, மை விகிதக் கணக்கில் வீண் என்று எழுதப்படும் சமாசாரம்.

பதினெட்டு மாதக் குழந்தை, எடை எட்டரை கிலோ. நலமாக இருக்கிறதா? வெள்ளைத் தாளில் ஒரு புள்ளியாக வைத்தால் கடவுளுக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பதினெட்டு மாத ஆண் குழந்தைக்கு எடைக்குறைவின் எல்லைக்கோடு 8.8 கிலோ, பெண் குழந்தைக்கு 8.1. ஆகவே ஆண் குழந்தைகளுக்கான நீல அட்டையில் அந்தப் புள்ளி மஞ்சளில் விழும். பெண் குழந்தைகளுக்கான இளஞ்சிவப்பு அட்டையில் பச்சையில் நிற்கும். ஒரே எடை, ஒரே வயது, ஒரே புள்ளி. ஒரு தாயிடம் சத்துமாவு பற்றியும் அடுத்த மாத எடை பற்றியும் அக்கறையோடு பேச வேண்டும். இன்னொரு தாயைச் சிரித்து அனுப்பலாம். இந்த வித்தியாசம் முழுவதும் அடங்கியிருப்பது, விகிதக்காரர்கள் தரவு இல்லை என்று தள்ளும் மையில்தான்.

வாதத்தின் மையமே இதுதான். குழந்தை மருத்துவரால் அந்த வண்ணப் பட்டைகள் இல்லாவிட்டாலும் ஓரளவு சமாளிக்க முடியும். எல்லைகள் அவர் தலைக்குள் இருக்கின்றன. பட்டைகள் தேவைப்படுவது தாய்க்கு. எளிமை என்ற பெயரில் சாரத்தைக் கழற்றும்போது விழுகிறவர் நிபுணர் அல்ல, சாதாரண வாசகர். பொதுமக்களுக்காகக் குறைக்கிறோம் என்ற வாதம் தலைகீழாக நிற்கிறது. பொதுமக்களுக்காகத்தான் கூட்ட வேண்டியிருக்கிறது.

அணையும் புயலும்

நம் ஊடகங்களில் இந்தக் கொள்கை என்ன செய்கிறது என்பதற்கு மேட்டூர் அணையைப் பார்த்தால் போதும். நாளிதழ்களில் காலங்காலமாக நான்கு விவரம் போடுவார்கள்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், நீர் இருப்பு. பார்க்க நெரிசலாகத்தான் இருக்கும். இப்போது சமூக ஊடகத்துக்காகச் செய்யும் அட்டைகளில் நீல நிறத்தில் ஒரு பட்டையும் ‘100 அடி’ என்ற பெரிய எழுத்தும் மட்டும் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அணையின் முழு உயரம் 120 அடி. பட்டை ஆறில் ஐந்து பங்கு நிரம்பியிருக்கும். பார்ப்பவர் அணையும் அவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அப்படி இல்லை. நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே அகன்றது. 120 அடியில் 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூரில், 100 அடியில் இருப்பது சுமார் 65 டி.எம்.சி. உயரத்தில் 83 சதவீதம். தண்ணீரில் எழுபது சதவீதத்தை ஒட்டித்தான். கடைசி இருபது அடியில் மட்டும் கிட்டத்தட்ட 28 டி.எம்.சி. அடங்கியிருக்கிறது. ஜூன் 12 அன்று குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா, திறந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடும் டெல்டா விவசாயிக்கு வேண்டியது டி.எம்.சி.யும் வரத்தும் வெளியேற்றமும். அழகுக்காகக் கழித்துக்கட்டியது சரியாக அந்த மூன்றையும்தான். அட்டை பொய் சொல்லவில்லை. பொய்யாகப் புரிந்துகொள்ள வழிவிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

புயல் வரைபடமும் அப்படித்தான். இந்திய வானிலை ஆய்வு மையம் புயலின் எதிர்பார்க்கப்படும் பாதையை வரையும்போது, நாள் செல்லச் செல்ல அகன்றுகொண்டே போகும் கூம்பு ஒன்றையும் சேர்த்து வரைகிறது. புயலின் மையம் எங்கெல்லாம் நகர வாய்ப்பிருக்கிறது என்பதைக் காட்டுவது அது. டிவிக்கு வரும்போது அந்தக் கூம்பு பல நேரம் காணாமல் போய், கடற்கரையை நோக்கி ஓர் அம்பு மட்டும் பாயும். அம்பு சுத்தமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது. நம் ஊருக்கு வராது என்று அடுத்த மாவட்டத்துக்காரர் தூங்கப் போய்விடுகிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மையை அழித்தால், முன்னறிவிப்பு ஜோசியம் ஆகிவிடுகிறது.

கூம்பு இருந்தாலும் போதாத நேரம் உண்டு. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னை மூழ்கியது அதற்கு முந்தைய இரண்டு நாட்களில். மையம் எங்கே கரை கடக்கும் என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லும் படம், மழை எங்கே கொட்டும் என்ற கேள்விக்கு உதவாது. வேளச்சேரியில் இருப்பவர் கேட்பது இரண்டாவது கேள்வியை. அவருக்கு மழைப்பகுதியைக் காட்டும் இன்னொரு அடுக்கு வேண்டும். அதாவது, இன்னும் கொஞ்சம் மை வேண்டும்.

குப்பை என்று தூக்கியெறிந்தவை

குறைத்தல்வாதிகள் தங்கள் தரப்புக்குக் கடைசி அஸ்திரமாக எடுப்பது சேலஞ்சர் விண்கலத்தை. 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேரோடு வெடித்த கலம். முந்தைய இரவு, குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாது என்று எச்சரித்த பொறியாளர்கள் பதின்மூன்று சார்ட்டுகளை அனுப்பினார்கள்; அவை மோசமாக இருந்ததால்தான் யாரும் நம்பவில்லை என்று டஃப்டி 1997இல் எழுதினார். அவருடைய விமர்சனத்தையே கவனமாகப் படித்தால் அவர் சுட்டும் பெரிய குறை இடநெரிசல் அல்ல என்பது தெரியும். சேதம் நேராத பயணங்களின் விவரம் அந்தச் சார்ட்டுகளில் இல்லை. 53 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பறந்ததும் சேதம், 75இல் பறந்ததும் சேதம் என்று மட்டும் பார்த்தவருக்கு வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எல்லாப் பயணங்களையும் வெப்பநிலை வரிசையில் வைத்தால், 66 டிகிரிக்குக் கீழே கிளம்பிய ஒவ்வொன்றிலும் சேதம் இருந்தது புலப்படும். ஆக, கோளாறு விடுபட்டதில் இருந்தது. கூட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய இடம் அது, குறைத்து அல்ல. எச்சரித்த பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஜோலியும் உடன் எழுதியவர்களும் 2002இல் டஃப்டியின் விளக்கத்தையே கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த வழக்கு முடியாதது. எப்படிப் பார்த்தாலும் குறைத்தல்வாதத்துக்குச் சாட்சி ஆகாது.

அடுத்து, படம். கிராஃபில் ஓவியத்தைக் கண்டாலே இவர்களுக்கு ஆகாது. டைம் இதழுக்கு வரைந்த நைஜல் ஹோம்ஸை டஃப்டியின் வழிவந்தவர்கள் கேலிப்பொருளாகவே வைத்திருக்கிறார்கள். தேர்தல் செலவு ஏறுவதை வாய் பிளந்த பூதத்தின் பற்களாக வரைந்தவர் அவர். 2010இல் கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய படங்களையும் அவற்றின் சுத்திகரித்த வடிவங்களையும் இருபது பேரிடம் காட்டினார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் ஓவியம் இடைஞ்சல் செய்யவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது ஓவியம் இருந்தவையே நன்றாக நினைவில் நின்றன. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை; ஹோம்ஸ் அளவுக்கு எல்லாரும் வரையவும் மாட்டார்கள். ஆகவே ஓவியம் போடுங்கள் என்று இதை வைத்துச் சட்டம் இயற்ற முடியாது. ஓவியம் போடாதே என்ற சட்டத்தை ஆட்டம் காண வைக்க இது போதும்.

வியன்னாவின் ஓட்டோ நியூராத் 1920களிலேயே இதை யோசித்து முடித்தவர். தொழிலாளர்களுக்குப் புள்ளிவிவரம் சேர வேண்டும் என்று அருங்காட்சியகம் நடத்தியவர். அவருடைய விதி ஒன்றுதான்: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. ஓர் உருவம் இத்தனை ஆயிரம் பேர் என்று வைத்து வரிசையாக அடுக்கினார். அங்கே ஓவியமே தரவு, எண்ணிப் பார்க்கலாம். ஓவியம், தரவு என்று மையை இரண்டாகப் பிரிக்கும் கணக்கு அவர் படங்களின் முன்னால் செல்லாது.

இன்னொரு விஷயம் ரசனையைப் பற்றியதல்ல, நேர்மையைப் பற்றியது. சுத்தம் செய்யும்போது முதலில் போவது எது என்று கவனியுங்கள். கீழே பொடி எழுத்தில் இருந்த ஆதாரக் குறிப்பு, எந்தத் தேதி வரையிலான கணக்கு என்ற வரி, அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று காட்டும் எண்கள், சதவீதம் என்றால் எதில் சதவீதம் என்ற விளக்கம். படத்தை நம்பாமல் கேள்வி கேட்க விரும்புகிறவருக்கு உள்ள கருவிகள் இவைதான். இவை போனபின் மிஞ்சும் ஏறுமுகக் கோடு விளம்பரத்துக்குத்தான் தோது. அச்சில்லாத கோட்டை விரும்புகிறவர்கள் யார் என்று பார்த்தால், சாதனை சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்களாகவே இருப்பார்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. அளவுகோலை மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். மையை எண்ணாதீர்கள், வாசகரின் கேள்விகளை எண்ணுங்கள். இந்தப் படத்தைப் பார்க்கிறவர் இதை வைத்து என்ன முடிவு எடுப்பார்? அந்த முடிவுக்கு எதோடு ஒப்பிட வேண்டும்? எந்த இடத்தில் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது? இவற்றுக்குப் பதில் சொல்லும் மை தரவாக இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும். சொல்லாத மை தரவாகவே இருந்தாலும் போகலாம். பத்துத் தசம இடம் வரை எண் போட்டிருப்பதும் தரவுதான், யாருக்கும் உதவாது. கோடு கண்ணை உறுத்தினால் அழிப்பதற்கு முன் மங்கலாக்கிப் பாருங்கள். ஈ.சி.ஜி. தாளில் கட்டம் வெளிறிய இளஞ்சிவப்பாகவும் அலை அழுத்தமான கருப்பாகவும் இருப்பது அதனால்தான். கட்டம் பின்னால் நிற்கிறது, கூப்பிட்டால் வருகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு சார்ட்டைச் சுத்தம் செய்ய உட்காரும் டிசைனர் ஒன்றே ஒன்றைச் செய்யட்டும். எடுக்கப்போகும் ஒவ்வொன்றுக்கும், இது இல்லாவிட்டால் யாருக்கு எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகும் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். யாருக்கும் ஒன்றும் குறையாது என்றால் தாராளமாக எடுக்கலாம். ஒருவர் பெயராவது வாயில் வந்தால், அது தாயாக இருக்கட்டும், விவசாயியாக இருக்கட்டும், அந்தக் கோடு அங்கேயே இருக்க வேண்டும்.